லாரி ஏறிப்போன கேள்வி

டெஸ் ஹான்ராட்டிக்கு வயது ஐம்பத்தொன்று. ஹாமில்டன் பக்கத்து ஆட்டுப் பண்ணைகளில் கம்பளிப் பொதி கட்ட அவனை விட்டால் ஆளில்லை. கத்தரித்துப் போட்ட ரோமத்தை இயந்திரத்தில் திணித்து, அமுக்கி, கொக்கி மாட்டி, சாக்கின் மேல் பண்ணையின் பெயரையும் ரகத்தையும் கறுப்பு மையால் எழுதி உருட்டிவிடுவான். வேலையில் புலி. வாயைத் திறப்பதற்குத்தான் நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டும்.

அதே கொட்டகைகளில் ரோமத்தைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பவள் கோரல் விட்டேக்கர். இருவருக்கும் பதினாறு வருடப் பழக்கம். ஞாயிறு மதியச் சாப்பாடு அவள் வீட்டில், அவளுடைய காருக்கு எண்ணெய் மாற்றுவது இவன். கல்யாணம் மட்டும் நடந்தபாடில்லை. இவன் கேட்டால்தானே நடக்கும்! அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்ற பயம் அவனுக்கு. சிரிக்காதீர்கள், தனியாளுக்கு அது பெரிய பயம்.

இந்த வருடம் கோரல் தொலைவில் உள்ள ஜீலாங் துறைமுகத்தில் ஒரு கம்பளிக் கிடங்கில் வேலை வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும். இன்று வெள்ளி, இந்தப் பண்ணையின் கடைசி ஆடுகள். இன்று கேட்காவிட்டால் டெஸ் இனி எப்போதும் கேட்கப்போவதில்லை. அது அவனுக்கே தெரியும்.

வாய் வராதவனுக்குக் கை இருக்கிறதே. கடைசிப் பொதியைக் கட்டி முடித்ததும், எதுவும் எழுதாத பக்கத்தில் மைக்குச்சியால் பெரிதாக எழுதினான்: “கோரல், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா? டெஸ்.” கொட்டகையை விட்டுப் போகுமுன் ஒவ்வொரு பொதியையும் சுற்றி வந்து பார்ப்பது அவள் வழக்கம். பார்க்கட்டும். அதற்குள் முகம் கழுவித் தலை சீவலாம் என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனான்.

ஆணழகன் தலை சீவி முடித்துத் திரும்பினால் பொதிகளைக் காணோம். மேற்கே கறுத்துவருவதைப் பார்த்து லாரிக்காரன் ரோலி அவசர அவசரமாக ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறும் இழுத்துக் கட்டிவிட்டான். கோரல் இன்னும் தரம் பிரிக்கும் மேசையடியில் துண்டு ரோமம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ரோலி, இறக்கு! கடைசிப் பொதியை இறக்குப்பா!”

“விளையாடுறியா மச்சான்? மழை வருது. அது நடுவுல மாட்டிக்கிச்சு.”

“அதுல ஒண்ணு எழுதியிருக்கேன்.”

“எழுதுறதுதானே உன் வேலை?”

சத்தம் கேட்டுக் கோரல் வெளியே வந்தாள். ரோமம் வெட்டும் நான்கு பேரும் பியர் பாட்டிலோடு பின்னாலேயே வந்தார்கள். “என்ன எழுதின? ரகத்தை மாத்திப் போட்டுட்டியா?” என்றாள் அவள்.

“இல்ல.”

“பின்ன?”

டெஸ்ஸின் காது இரண்டும் சிவந்துவிட்டன. ரோலி வண்டியைக் கிளப்பினான். அந்த உறுமலுக்கு மேலே, பக்கத்துப் பண்ணை ஆடெல்லாம் மிரளும்படி டெஸ் கத்தினான்: “என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு எழுதியிருக்கேன்!”

ரோலி வண்டியை அணைத்தான். தானே இறங்கிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

பொதி கீழே வந்தது. கோரல் இடுப்பில் கை வைத்து ஒரு தடவை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“நான் தரம் பிரிச்ச பொதியில கண்டதையும் கிறுக்கி வச்சிருக்க. இப்படியே போச்சுன்னா என் மானம் போகும். பிரிச்சு வேற சாக்குல கட்டு.”

டெஸ்ஸுக்கு உயிரே போய்விட்டது. குனிந்து கொக்கியில் கை வைத்தான்.

“பாத்து பிரி, மனுஷா. கிழிச்சுடாத. அந்தச் சாக்கு எனக்கு வேணும்.” அந்த எழுத்தின் மேல் கை வைத்தாள். “பதினாறு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன். பண்ணிக்கிறேன், போ!”

வெட்டுக்காரர்கள் போட்ட கூச்சலில் நாய்கள் குரைத்தன. டெஸ் சிரித்தான், அழுதான், மூக்கைச் சட்டையில் துடைத்தான். மழையும் பிடித்துக்கொண்டது.

“அப்போ ஜீலாங்குக்குப் போகலதானே?” என்றான் மெதுவாக.

“ஏன் போகாம? நீ கேக்கவே மாட்டேன்னு நினைச்சுத்தான் அந்த வேலைக்கு எழுதிப் போட்டேன். ஆனா நல்ல வேலை, விடமாட்டேன். இப்ப நான் கேக்குறேன்.” நனைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள். “அங்க பொதி கட்டவும் ஆள் தேடுறாங்க. இந்த ஊரை விட்டுட்டு நீ என்கூட...”

ஒரே கேள்வியைப் பதினாறு வருடம் வாயில் அடக்கிவைத்திருந்தவன், அவள் கேட்டு முடிப்பதற்குள் “வரேன்” என்றுவிட்டான்.