இறுகிவிட்டது என்றேன்

நான் பொய் சொன்னேன். என் விரலுக்கடியில் ஒரு பெண்ணின் பல் அசைந்தது, அசையவில்லை என்றேன். அந்தப் பொய்யால் நல்ல மனிதர் ஒருவர் தம் கையையே நம்பாமல் போனார். முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் கேட்பதும் எழுந்து போவதும் உங்கள் விருப்பம்.

இராஜபாளையம் கடைத்தெருவில் எங்கள் பல் வைத்தியசாலை. டாக்டர், மாடசாமி ஆசாரி, நர்ஸ் அன்னம்மாளாகிய நான்... மூன்றே பேர். டாக்டர் அளவெடுப்பார். நகை வேலையை விட்டு வந்த ஆசாரி கம்பியை வளைப்பார். நான் வாராவாரம் அதை இறுக்கி, அழுகிற பிள்ளைகளைத் தேற்றுவேன். கோணல் பல்லை நேராக்க வேண்டுமென்றால் சாத்தூரிலிருந்தும் எங்களிடந்தான் வருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறை எடுத்து, செவ்வாய்க்கிழமைகளில் டாக்டர் அங்கே போய் வந்தார்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. கம்பியை அவிழ்க்குமுன் ஆசாரியும் நானும் தனித்தனியே பல்லை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒருவர் ஆடுகிறது என்றாலும் அவிழ்க்கக் கூடாது. "கட்டுனவனுக்கு எப்படா அவுப்போம்னுதான் இருக்கும். என்னைய நம்பாதீக, உங்க விரல நம்புங்க" என்பார் டாக்டர். எங்கள் பெயர் வளர்ந்தது அதனால்தான்.

ஒருநாள் கூடத்தில் காத்திருந்தவர்கள் எதிரில் டாக்டர், ஆசாரியின் விரல் இருக்கும்வரை தமக்குக் கவலையே இல்லை என்றார். வெந்நீர்ப் பாத்திரத்தோடு நானும் அங்கேதான் நின்றேன்! என் விரல் எங்கே போயிற்று? மறைப்பானேன்... பொறாமைதான்.

அந்த வாரமே, எங்களிடம் கம்பி கட்டியிருந்த குருவம்மா வந்தாள். பஞ்சு வியாபாரியின் மகள், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை. கல்யாணம் நெருங்கிவிட்டது, கம்பியோடு மணையில் உட்கார மாட்டேன் என்று அழுதாள். டாக்டர் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார். ஆசாரி முன்பல்லை அழுத்தினார். லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறதே என்றார்.

நான் அழுத்தினேன். ஆடியது! ஐயத்துக்கே இடமில்லாமல் ஆடியது.

"ஆடுறது பல்லு இல்ல அண்ணாச்சி, உங்க விரலு" என்றேன். "பல்லு இறுகிருச்சு."

அவர் வலக்கையை நீட்டி, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "வயசாகுதுல்லா... நீங்க சொன்னாச் சரிதான், நர்சம்மா" என்று மட்டும் சொன்னார். இருவரும் இறுகிவிட்டது என்று சொல்ல, டாக்டர் வந்து கம்பியை அவிழ்த்தார்.

சில மாதங்கள் சென்றன. ஒரு செவ்வாய்க்கிழமை, டாக்டர் வெளியூரில் இருக்க, ஆசாரியும் சாப்பிடப் போயிருந்த வேளையில், குருவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். முன்பற்கள் பழையபடி விலகிவிட்டன. பொய்ப் பல்லைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று மாமியார் வீட்டில் பேச்சாம். பல் மறுபடி விலகாமலிருக்க இரவில் போடக் கொடுத்த ரப்பர் தட்டைப் போட்டாயா என்று கேட்டேன்.

"ஒரு ராத்திரி விடலக்கா. அவிய தூங்குன பொறவு போட்டுக்கிடுவேன்."

சரியாகப் போட்டிருக்க மாட்டாய் என்றேன்! அவள் அதையும் நம்பினாள். தன்மேல்தான் தப்பென்று தலைகுனிந்து படியிறங்கினாள். கொஞ்சம் இரு, ஆசாரி வந்துவிடுவார், மறுபடி கட்டிவிடலாம் என்று கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அந்த வாயைப் பார்த்தால் எந்த விரல் உண்மை சொன்னது என்று ஆசாரிக்குத் தெரிந்துவிடுமே... அவள் பிறகு வரவேயில்லை.

என் பொய்யைக் கேட்ட நாளிலிருந்தே ஆசாரி பல்லை அழுத்திப் பார்ப்பதை விட்டிருந்தார். நர்சம்மா பார்த்தால் போதும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். மெல்லிய கம்பியைத் தொடவே பயந்தார். டாக்டர் இப்போது என் விரலைப் புகழ்ந்தார். நான் கேட்டது கிடைத்துவிட்டது! மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் சில்லறைப் பாவங்களையெல்லாம் சொன்னேன். இதை மட்டும் சொல்ல நா எழவில்லை.

யுத்தம் வந்து சீமைக் கம்பி வரத்து நின்றபோது, இனித் தம்மால் முடியாது என்று ஆசாரி விலகிக்கொண்டார். கடைசி நாளன்று காப்பி கிளப்பிலிருந்து எனக்கென்று தாமே காப்பி வாங்கி வந்தார்.

"என் கை ஆடுறத மொதல்ல கண்டது நீங்க. டாக்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லாம என் சோத்தக் காப்பாத்துனீக. மறக்க மாட்டேன் தாயி."

தம்ளரை நீட்டினார். விளிம்புவரை காப்பி. தெருவைக் கடந்து கொண்டுவந்தும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என் முகத்துக்கு நேரே நீட்டிய அந்தக் கை அசையவே இல்லை.

இப்போதாவது சொல்லடி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் காப்பியை வாங்கிக் குடித்தேன்.

அவர் வீடு பக்கத்துத் தெருதான். உயிரோடுதான் இருக்கிறார். இன்னும் நான் போகவில்லை.