இரண்டு குரல்களுக்கு நடுவே ஒரு பந்து

அப்பாவின் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வரும். மைதானத்தின் மறுகோடியில் நின்றாலும் காதுக்குள் ‘ஙொய்’யென்று இரையும். அவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். வருடம் முழுவதும் வடக்கே எங்கெங்கோ அலைந்துவிட்டு, அங்கே மழை பிடித்து வண்டி சேற்றில் இறங்க முடியாத ஆடி, ஆவணியில்தான் மல்லசமுத்திரத்துக்கு வருவார். பள்ளிக்கூடங்களுக்கு இடையே கால்பந்துப் போட்டிகள் நடப்பதும் அப்போதுதான் என்பதால், நான் எட்டாவது படித்த வருடம் ஓர் ஆட்டம் விடாமல் வந்து கோட்டோரம் நின்றார்.

எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு அணி என்று ஒன்று அமைந்ததே பெரும்பாடு. ‘பி.டி. சார்’ வீடு வீடாகப் போய்க் கேட்டு, தறி ஓட்டுகிறவர்களிடமும் காட்டு வேலைக்குப் போகிறவர்களிடமும் கெஞ்சிப் பதினொரு பேரைச் சேர்த்திருந்தார். ஒருத்தி வராவிட்டாலும் ஆட்டமில்லை. அந்தப் பயத்திலோ என்னவோ, அவரும் ஆட்டம் முடியும்வரை கத்திக்கொண்டே இருப்பார்.

சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய மைதானத்தில் அன்று ஆட்டம். பந்து என் காலுக்கு வந்தபோது எதிரே கோல்கீப்பர் மட்டும்தான் இருந்தாள். இடப்பக்கமிருந்து அப்பா, “அடி சாமி! அடிச்சுப் போடு!” என்று முழங்கினார். வலப்பக்கமிருந்து சார், “அடிக்காத! பாஸ் குடு, பாஸ் குடு!” என்று அலறினார். எனக்குக் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பந்தை அப்படியே விட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்துகொண்டேன். பந்தைப் பறிக்க ஓடிவந்த எதிரணிப் பெண்கூட, பறிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சார் ஓடிவந்து, “என்னாச்சு, அடி பட்டுருச்சா?” என்றார். அப்பாவும் பின்னாலேயே வந்துவிட்டார்.

“ரெண்டு பேருஞ் சொல்றீங்க. நான் யாரு பேச்சக் கேக்கறதுங்க சார்?” என்று கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். ஊர் திரும்பும்வரை அவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில்.

இனிமேல் விளையாடப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா, “வருசத்துல ரெண்டு மாசம் ஊட்ல இருக்கற மனுசன். இருக்கற ஆசையெல்லாம் அதுக்குள்ள கொட்டோணும்னு நெனைக்கறாரு” என்றாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: “போர் போடற எடத்துல மிசினு சத்தத்துக்கு நடுவுல கத்துனாத்தான் பக்கத்துல நிக்கறவனுக்கே கேக்கும். எனக்குத் தெரிஞ்ச பேச்சே அப்படித்தான் சாமி.”

மறுநாள் சார் வீட்டுக்கு வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“நானுந்தானுங்க கத்துனேன்,” என்றார் அவர். “அடுத்த ஆட்டத்துல நான் வாயத் தொறக்கறதில்ல. சொல்ல வேண்டியத எடவேளையில சொல்லிக்கறேன். நீங்களும் கை மட்டும் தட்டுங்க.”

அப்பா உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: “ஏனுங்க, எப்பத் தட்டறதுங்க?”

“ஆரு நல்லா ஆடுனாலும் தட்டுங்க.”

அப்பா அதைச் சொல் பிசகாமல் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் எதிரணி கோல் போட்டபோதும் தட்டினார். எங்கள் ஊர்க்காரர்கள் முறைத்தார்கள். கடைசியில் மறுபடியும் பந்து என்னிடம் வந்தது. மைதானம் அமைதியாக இருந்தது. என் மூச்சு எனக்கே கேட்டது. அடிப்பதென்று நானே முடிவுசெய்து அடித்தேன். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. தோற்றோம். அப்பா கைதட்டிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அங்க நின்னப்ப என்ன கண்ணு நெனச்சே?” என்று கேட்டார். கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்ந்தாள், தோழி எங்கே நின்றாள், ஏன் அவளுக்குக் கொடுக்கவில்லை என்று மல்லசமுத்திரம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு நேரம் நான் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் இப்போது சேலத்தில் இருக்கிறேன். சூரமங்கலத்து மைதானம் இருந்த இடத்தில் கட்டடங்கள் எழுந்துவிட்டன. நாங்கள் பள்ளி முடித்ததோடு எங்கள் அணியும் கலைந்துபோயிற்று. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானமான ‘டர்ஃப்’பில் என் மகன் ஆடுகிறான். சுற்றிக் கட்டிய வலைக்கு வெளியே பெற்றோர் செல்போனில் படமெடுத்தபடியே கூவுகிறார்கள். உள்ளே பயிற்சியாளர் கூவுகிறார். யார்மேலும் எனக்குக் கோபமில்லை. பிள்ளைமேல் ஆசையில்லாதவர் அந்த வெயிலில் வந்து நிற்பாரா? அருகில் நிற்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வதெல்லாம், பந்து பிள்ளையின் காலில் இருக்கும் அந்த ஒரு நொடியை மட்டும் அவனுக்கே விட்டுவிடுங்கள் என்பதுதான். பயிற்சியாளருக்கோ சொல்லித்தர வாரம் முழுவதும் இருக்கிறது.

பெரியவர் குறுக்கிடாமல் பிள்ளைகள் தாமாகவே ஆடும் ஆட்டம் இன்று அநேகமாக இல்லை. ஆனால் போன ஞாயிறு காலை, நேரம் முடிந்து பயிற்சியாளர் கிளம்பிப்போன பிறகு, அடுத்து வரவேண்டியவர்கள் வரவில்லை. பிள்ளைகள் செருப்புகளைக் கோல் கம்பங்களாக வைத்துத் தாங்களே ஆடத் தொடங்கிவிட்டார்கள். சண்டை போட்டார்கள், சிரித்தார்கள், விதிகளை மாற்றினார்கள். நாங்கள் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வலைக்கு வெளியே நின்றோம். வீட்டுக்குப் போகலாமென்று ஒருவரும் கூப்பிடவில்லை.