என் பெயரில் வந்த டிக்கட்

நோயாளியைக் காணாமலே நோய்க்கு எண் போடுவதுதான் எங்கள் தொழில். ஆஸ்பத்திரிப் பதிவறையில் குந்தியிருந்து கண் கெட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும்.

பெயர் தெரியாத கட்டி

மட்டக்களப்பு வாவிக் கரையில் ஓர் ஆஸ்பத்திரி. வீட்டுக்குப் போன நோயாளிகளின் டிக்கட்டுகள், அதாவது வார்டில் எழுதிய சிகிச்சைக் குறிப்புகள், எங்களிடம் வரும். டாக்டர் எழுதிய நோயை வாசித்து, புத்தகத்தில் அதற்குரிய எண்ணைத் தேடிப் போடுவோம். மார்பில் கட்டி, இன்னதென்று தெரியவில்லை என்றால் N-63. சதைத்துண்டைப் பரிசோதித்து நீர்க்கட்டி என்று வந்தால் N-60. புற்றுநோய் என்றால் எழுத்தே வேறு. அறிக்கை வரும்வரை அந்தப் பெண்களுக்குச் சோறு இறங்குமா என்று நான் நினைத்ததே இல்லை. மூத்தவரான புஷ்பா அக்கா நினைப்பார்.

"63 போட்டத அலுமாரிக்குள்ள வையாத புள்ள. அது இன்னும் முடியல்ல."

சுகந்தி, வயது 41, இடது பக்கம்

ஒரு மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. ஜன்னலோரம் நின்று ஒரு டிக்கட்டைப் பிரித்தேன். பெயர் சுகந்தி. என் பெயர். வயது நாற்பத்தொன்று. என் வயது. இடது மார்பில், மேலே, கைப்பக்கமாக ஒரு கட்டி. பத்து நாளைக்கு முன் குளிக்கும்போது அதே இடத்தில் என் விரலிலும் ஒன்று தட்டுப்பட்டிருந்தது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஊர் மட்டும்தான் வேறு: அந்தச் சுகந்தி வெல்லாவெளி, நான் கொக்கட்டிச்சோலை. 63 போட்டேன். புஷ்பா அக்கா எட்டிப் பார்த்தார்.

"உன்ட டிக்கட் எண்டு நெனச்சி எனக்கு உயிர் போயிற்றுகா!"

நான் செய்த பிழை

மூன்று கிழமை கழித்து அந்தச் சுகந்தியின் அறிக்கை வந்தது. கொண்டுவந்தவர் பெயரைப் பார்த்துவிட்டு என் கையிலேயே தந்துவிட்டுப் போனார். நீர்க்கட்டி, பயமில்லை. 63ஐ வெட்டி 60 போட்டேன். அதோடு மனதுக்குள் என் கட்டிக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை. எண் விழுந்தால் விஷயம் முடிந்தது என்று பழகிய புத்தி. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த இடத்தைத் தொட்டே பார்க்கவில்லை. வீட்டில் கணவருக்கு ஆச்சரியம்.

"என்ன, இப்ப சமைக்கக்குள்ள பாட்டெல்லாம் வருது?"

கவுண்டரில் ஒரு பெண்

மறு கிளினிக்குக்கு வந்த ஒரு பெண் கவுண்டரில் டிக்கட் கேட்டு நின்றார். உள்ளே இருந்து புஷ்பா அக்கா "சுகந்தி!" என்று கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்; வெல்லாவெளிச் சுகந்தி அவர்தான். அவர் என்னையே பார்த்தார், முகத்தை அல்ல. நானும் குனிந்து பார்த்தேன். என் வலது கை இடது மார்பை அழுத்திப் பிடித்தபடி இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"எனக்கும் இப்பிடித்தான், கை தானாப் போகும். நீங்க காட்டிட்டீங்களா?"

டாக்டரின் கேள்வி

அன்றைக்கே கிளினிக் வரிசையில் போய் இருந்தேன். பரிசோதித்துப் பார்த்தால் என்னுடையது நீர்க்கட்டியே இல்லை. புற்றுநோயும் இல்லை, ஆனால் வளர்கிற கட்டி. வெட்டி எடுத்தார்கள். எத்தனை நாளாக இருந்தது என்று கேட்ட டாக்டருக்கு உண்மையைச் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் ஒண்டுமில்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

எத்தனையோ பேரின் நோயைப் பிழையில்லாமல் வாசித்தவளுக்கு, தன் உடம்பை இன்னொருத்தியின் டிக்கட்டில் வாசிக்கக் கூடாது என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது.