மஸ்தான் பாய் அடித்த காற்று

போன வாரம் தாம்பரம் மார்க்கெட்டில் என் மனைவி ரசத்துக்கென்று ஓர் ஈயச் சொம்பு வாங்கினாள். அசல்தான் என்று காட்ட, கடைக்காரர் அதன் விளிம்பை என் காதருகே பிடித்து லேசாக வளைத்தார். தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல ஒரு சின்ன முனகல். "கேட்டீங்களா சார்? இந்த சத்தம் வந்தாத்தான் ஈயம்."

எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

பல வருஷங்களுக்கு முன் நான் ஒரு மாலைப் பத்திரிகையில் புறநகர் நிருபர். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வண்டலூர் பக்கம் மலைப்பாம்பு பிடிபட்டாலும், குரோம்பேட்டையில் குடிநீர்க் குழாய் உடைந்தாலும் நான்தான். ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு லாட்ஜ் மண்டபம் இருந்தது. அறை வாடகைக்கு விடும் லாட்ஜ் அல்ல. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுச் சடங்கு செய்யும் சங்கம். ஊருக்கு அது பேய் பங்களா. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போனேன்.

மேடைக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு ஒரு குழாய் ஆர்கன், பெரிய சர்ச்சுகளில் வாசிக்கும் காற்று வாத்தியம். சுதந்திரத்துக்குச் சில வருஷம் கழித்துக் கப்பலில் வந்ததாம். காற்று ஊத இருந்த மோட்டார் எரிந்துபோயிருந்தது. அதனால் ஆர்கனுக்குப் பின்னே ஒரு சின்ன அறையில் நின்று துருத்தியை மரக் கைப்பிடியால் அடிப்பது வாட்ச்மேன் மஸ்தான் பாயின் வேலை. அவர் எதிரே நூலில் ஓர் ஈயக் குண்டு தொங்கும். துருத்தியில் காற்று தீரத் தீர அது மேலே ஏறும். சுவரில் சாக்பீஸ் கோடு. அதைத் தாண்ட விடக் கூடாது. சடங்கை அவர் பார்க்க அனுமதி இல்லை.

"உள்ள இன்னா நடக்குதுன்னு ஊரே என்னிய கேக்குது சார். நான் இன்னாத்த கண்டேன்? குண்டத்தான் பாத்துகினு கீறேன். தடதடன்னு ஏறிச்சுனா புது ஆளு சேர்றான். மெதுவா ஏறிச்சுனா எவனோ பூட்டான்."

எங்கள் நியூஸ் எடிட்டருக்கு ஒரு பாடம்தான் உண்டு. "அளவு என்ன, எடை என்ன, எதால செஞ்சது? இதெல்லாம் இல்லன்னா அது செய்தி இல்லய்யா, லெட்டர்." எனவே நாற்காலி மேல் ஏறிக் குழாய்களை எண்ணினேன். எதால் செய்தது என்று கேட்டதும், பாய் ஒரு மரப்பெட்டியிலிருந்து உடைந்த சின்னக் குழாய் ஒன்றை எடுத்து என் காதருகே வளைத்தார். "ஈயம் சார். அழுவுது பாருங்கோ."

கிளம்பும்போது கேட்டார்: "என் பேரு போடுவீங்களா சார்?"

போட்டேன். குழாய்களின் எண்ணிக்கை, உயரம், உலோகம் எல்லாம் போட்டேன். 'மண்டபத்தின் பின்கதவுக்கான ஒரே சாவியும் மஸ்தானின் இடுப்புக் கயிற்றில்தான் தொங்குகிறது' என்று முடித்திருந்தேன். அந்த வரியை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். உண்மையில் சாவி இரண்டு. இன்னொன்று சங்கத்தின் செக்ரட்டரி அறையில், நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியதைப் பார்த்திருந்தேன். இரண்டு என்று எழுதினால் வரி சப்பென்று இருந்தது.

இரண்டு வாரத்துக்குள் குழாய்கள் காணாமல் போயின. பின்கதவுப் பூட்டு உடைக்கப்படவில்லை.

திருட்டுச் செய்தி எடுக்கவும் நான்தான் போனேன். இன்ஸ்பெக்டர் மேஜையில் என் கட்டுரை கிடந்தது. கடைசி வரியின் கீழே சிவப்பு மையில் கோடு. "நீங்க எழுதினதுதான் சார் எங்களுக்கு பிடி," என்றார். சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்த பாய் நிமிர்ந்தார்.

"சார், ஆணில ஒண்ணு கீதுன்னு சொல்லுங்க சார். நீங்க பாத்தீங்கோ இல்ல?"

"செக்ரட்டரிகிட்ட கேட்டுட்டு வரேன் பாய்," என்றேன்.

செக்ரட்டரி ஓய்வு பெற்ற அதிகாரி. காபி கொடுத்தார். "ஒரே சாவிதான் தம்பி. உங்க பேப்பர்லயே போட்டிருக்கே." ஆணி இருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

திருத்தம் போடலாமா என்று நியூஸ் எடிட்டரிடம் கேட்டேன். "தப்பா எழுதிட்டேன்னு நீயே சொல்லிட்டு, அப்புறம் இங்க என்ன பண்ணப் போற?" என்றார். எனக்கு வேலை நிரந்தரமாக இரண்டு மாதம் இருந்தது. நான் திரும்ப ஸ்டேஷனுக்குப் போகவில்லை. உட்கார்ந்து கைதுச் செய்தியை எழுதினேன். பாயின் பெயர் எங்கள் பேப்பரில் இரண்டாவது முறை வந்தது, எழுத்துப் பிழை இல்லாமல்.

ஒன்பதாம் நாள் பாயை வழக்குப் போடாமல் விட்டுவிட்டார்கள். ஸ்டேஷனில் வாங்கிய அடியில் வலது மணிக்கட்டைத் திருப்ப முடியவில்லை என்று டீக்கடையில் சொன்னார்கள். அதற்கப்புறம் அவரை யாரும் காவலுக்கு வைத்துக்கொள்ளவில்லை. குடும்பத்தோடு படப்பைப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. வேலை விஷயமாகப் படப்பை வழியே எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு முறைகூட இறங்கவில்லை.

மண்டபம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஆர்கனைப் பற்றிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. குழாய்கள் எந்த உலையில் உருகி என்னவாயினவோ. சமையலறையில் அந்தச் சொம்பில் ரசம் கொதிக்கும்போது நான் வராந்தாவுக்குப் போய்விடுகிறேன். மனைவி, ரசம் பிடிக்கவில்லையா என்கிறாள்.

திருத்தம் போடலாம் என்றால் அந்தப் பத்திரிகையும் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. அந்தக் கதவுக்குச் சாவி இரண்டு. ஒன்று ஆணியில் தொங்கியது. நான் பார்த்தேன்.