குவாரி கிளப்பில் நிறுத்தாமல் வாசித்த நாள்

பியானோ கச்சேரி இன்டர்வெல்லில் வெந்நீரில் விரல்களைக் கொஞ்ச நேரம் வைத்திருப்பது என் வழக்கம். அன்று வெந்நீர் கொண்டுவந்த கிளப் சமையல்காரர் செபஸ்தியான், கதவைச் சாத்திவிட்டு, "இதுக்கு மேலயும் வாசிக்கப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். ஏன் என்று கேட்டேன்.

மத்தியானம் குவாரியில் கல் சரிந்து ஓர் ஆள் இறந்துவிட்டார். பெயர் கலியமூர்த்தி. உடலைக் கிளப் கேட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் கிடத்தியிருக்கிறார்கள். மெட்ராஸிலிருந்து வந்த விருந்தாளிகள் கிளம்பும்வரை சத்தம் வரக் கூடாது என்று கேட்டைப் பூட்டிவிட்டார்கள். பெண்டாட்டியைக்கூட உள்ளே விடவில்லை. செபஸ்தியான் சொன்னது இவ்வளவுதான்.

இது நடந்தது எழுபதுகளின் கடைசியில். நான் பெரம்பலூர்க்காரி. அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். திருச்சியில் கான்வென்ட் விடுதியில் தங்கிப் படித்தபோது ஒரு கன்னியாஸ்திரீயிடம் பியானோ கற்றுக்கொண்டேன். மெட்ராஸுக்குப் போய் லண்டன் சங்கீதப் பரீட்சைகளை முடித்தேன். அதன்பின் மேடையே என் பிழைப்பு. மெட்ராஸ், பெங்களூர், ஊட்டி என்று வருஷத்துக்கு ஏழெட்டுக் கச்சேரி கிடைத்தால் அதிகம். கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஓரிடத்தில் தகராறுக்காரி என்று பெயர் வாங்கினால் எல்லா இடத்திலும் கதவு சாத்திவிடும்.

சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த முதல் அழைப்பு அதுதான். அரியலூருக்கு வெளியே குவாரி கான்ட்ராக்டர்களும் அதிகாரிகளும் சேர்ந்து நடத்திய கிளப். வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் விட்டுப்போன கிராண்ட் பியானோ அங்கே இருந்தது. திருச்சியிலிருந்து ட்யூனர் முந்தின நாளே வந்து, உள்ளே படிந்திருந்த சுண்ணாம்புத் தூசியைத் துடைத்து, தளர்ந்த கம்பிகளை முறுக்கி வைத்திருந்தார். முதல் பாதி நன்றாகவே போயிருந்தது.

கிளப் செக்ரட்டரியைக் கூப்பிட்டு, நிகழ்ச்சியை இத்தோடு நிறுத்திவிடலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. இன்னும் நாற்பது நிமிஷம்தான், விருந்தாளிகள் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள், பிறகு எல்லாம் முறைப்படி நடக்கும் என்றார். நான் எழுந்திருக்காததைப் பார்த்துவிட்டு, "செத்தவன் செத்துட்டாம்மா. நீங்க நிறுத்துனா எந்திரிச்சு வரப்போறானா? ஒங்க வேலை வாசிக்கிறது. அத மட்டும் பாருங்க" என்றார்.

நான் அதை மட்டும் பார்த்தேன். காரணம் பயம்தான், வேறொன்றுமில்லை.

இரண்டாம் பாதியில் இரண்டு உருப்படிகள். முதலாவது ஒரு சொனாட்டாவின் ஸ்லோ மூவ்மென்ட், மெதுவாக நகரும் பகுதி. அடுத்தது கைதட்டலுக்காகவே கடைசியில் வைக்கிற வேகமான உருப்படி. ஸ்லோ மூவ்மென்ட்டை அதற்கு முன் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அன்றுபோல் அவ்வளவு நன்றாக அது எனக்கு அமைந்ததில்லை. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முடிந்ததும் பெடலிலிருந்து காலை எடுத்தேன். எழுந்து போயிருக்கலாம். எதிரே ப்ரோக்ராம் தாள் இருந்தது. அடுத்ததைத் தொடங்கினேன். ஒரு கீ கூடத் தவறவில்லை. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நானும் சிரித்தபடி தலைகுனிந்தேன்.

என்னை ஏற்றிவந்த கார் கேட்டைத் தாண்டும்போது ரோட்டோரம் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கேட்டைத் திறந்துவிட வந்த செபஸ்தியான், சுவரில் சாய்ந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டி, அதுதான் கலியமூர்த்தி சம்சாரம் அஞ்சலை என்றார். அவளிடம், உள்ளே வாசித்தது இந்த அம்மாதான் என்றும் சொன்னார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதல்ல மெதுவா ஒண்ணு வாசிச்சீங்களே, அது எங்க வூட்டுக்காரருக்காவத்தானுங்களா?"

அவளே தொடர்ந்தாள்.

"அது கேட்டதும் நாங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னோம். உள்ள சேதி தெரிஞ்சுபோச்சு, இனிமே வுட்டுருவாங்கன்னு நெனச்சோம். அப்புறம் வேகமா ஒண்ணு வந்துச்சு. அதுதான் எதுக்குன்னு வெளங்கல."

ஆமாம், அவருக்காகத்தான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஆனால், எல்லாம் தெரிந்துதான் வாசித்தேன், நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை என்று சொன்னேன்.

அஞ்சலை என்னைத் திட்டவில்லை. இருட்டிக்கொண்டிருந்த ஷெட் பக்கம் திரும்பினாள்.

"நிறுத்தியிருந்தீங்கன்னா வெளிச்சத்துலயே அவரு மொகத்தப் பாத்திருப்பேங்க" என்றாள்.

கடைசி விருந்தாளியின் காரும் போன பிறகு அவர்களை உள்ளே விட்டார்கள். யாரோ ஓர் அரிக்கேன் விளக்கை முன்னால் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் ஷெட்டுக்குள் நுழையும்வரை அங்கேயே நின்றேன். கூடப் போகும் தைரியம் வரவில்லை.

மேடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். கை நடுங்கினால் என்ன செய்வது, நடுவில் மறந்துபோனால் எங்கிருந்து பிடிப்பது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். வாசிக்கக் கூடாத நேரத்தில் பியானோவை மூடிவிட்டு எழுந்து வருவதற்கு யாரும் பயிற்சி தருவதில்லை. அதை நானாகத்தான் பழகிக்கொண்டேன். அதன்பின் இரண்டு கச்சேரிகளில் அப்படி எழுந்து வந்திருக்கிறேன். அந்த இரண்டு ஊர்களிலிருந்தும் மறுபடி என்னைக் கூப்பிடவில்லை.