மூலையில் வைத்த மஞ்சள்

என் மகள் எங்கள் தெருவை ஆளுயரத் துணியில் வரைந்தாள். மொட்டை மாடியில் நின்று பார்த்துப் பார்த்து ஒரு மாதம் வரைந்தாள். முடித்ததும் பார்த்தேன். ஒரே கட்டமும் கோடுமாக இருந்தது. கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும் கேபிள் வயர்களும் மட்டும் எனக்குப் புரிந்தன.

"இதுல நம்ம வூடு எங்கடி?"

"அப்படித் தேடாதம்மா. தெருவுல இருக்கிற அத்தனை பேரோட நெருக்கடிதான் இது."

"ஒரு மூஞ்சி கூட இல்லியே. எதிர் வூட்டுக்காரி பார்த்தா, என்னை எங்க ஒளிச்சு வெச்சேன்னு சண்டைக்கு வருவா."

அவள் சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம்.

மறுநாள் காலை படம் சென்னைக் கண்காட்சிக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் புதுத்துணியை யாரும் உடுத்தியதில்லை. இதுவும் துணிதானே. மஞ்சளைக் குழைத்து, கீழ் மூலையில் ஒரு விரல் அழுத்தி வைத்தேன். நல்லபடியாகப் போய் வரட்டும் என்றுதான்.

அவள் கத்திவிட்டாள். "படத்தையே கெடுத்துட்டியேம்மா!"

"நான் தொட்டா கெட்டுப் போற படத்த என் வூட்ல வைக்காதடி" என்றேன்.

வேனில் ஏற்றிக்கொண்டு போனவள் அங்கேயே வேலை தேடித் தங்கிவிட்டாள். மூன்று மாதம் பேச்சில்லை. பெற்றவள் நான், அவள்தான் முதலில் பேச வேண்டும் என்று இருந்தேன். அப்புறம் காய்ச்சல் என்று போன் வந்தது. நான் பஸ் பிடித்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த பிறகு, அவளோடு தங்கியிருந்த பெண் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூலையில் மஞ்சள் அப்படியே இருந்தது.

"வெள்ளை அடிச்சு மறைச்சிடலாம்னு நான்தான்மா சொன்னேன். 'எங்கம்மா வெச்சது, இருக்கட்டும்'னு சிரிச்சிக்கினே சொல்லிட்டா."

"எப்ப சொன்னா?"

"இங்கேர்ந்து வந்து எறங்குன அன்னிக்கே, படத்த மாட்டும்போதேம்மா."

அன்றைக்கே. அவளுக்குக் கோபம் ஒரு பகல்கூட இருக்கவில்லை. அது தெரியாமல்தான் நான் மூன்று மாதம் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

முதலில் படத்தைக் கூடத்தில், ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன். பத்து நாளில் மஞ்சள் வெளுக்கத் தொடங்கியது. வெயில் பட்டால் மஞ்சள் நிற்காது. கழற்றி, உள் அறையின் இருட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன்.

"இங்க மாட்டுனா படம் தெரியலியேம்மா" என்கிறார்கள் வருகிறவர்கள்.

தெரியாவிட்டால் போகட்டும்.