கத்திரியில் புழு வைத்த வருஷம்

ஈரச் சாக்கு வெயிலில் காயும்போது ஒரு வாசனை வரும். சணலும் புழுதியும் பழைய தானியமும் கலந்து, மூக்கை லேசாக அரிக்கிற அந்த வாசனைதான் எனக்குக் கோடைகாலம். மற்றவர்களுக்கு அது மாம்பழமாகவோ நுங்காகவோ இருந்துவிட்டுப் போகட்டும். கடத்தூருக்குப் பக்கத்தில், வீட்டை ஒட்டிய கொட்டகையில் பட்டுப்புழு வளர்த்த குடும்பம் எங்களுடையது. சித்திரை பிறந்ததுமே கொட்டகையின் நாலு பக்கமும் சாக்குகளைத் தொங்கவிட்டு, காயக் காயத் தண்ணீர் தெளித்து, தகரக் கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பி, புழுவுக்கு வெயில் தெரியாமல் பார்த்துக்கொள்வோம். எங்களுக்கு வெயில் தெரிந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

புழு இருக்கிற வீட்டில் மனிதர்கள் இரண்டாம் பட்சம்தான். ஊதுபத்தி கூடாது, பவுடர் கூடாது, கொசுவத்தியின் பேரைக்கூட எடுக்கக் கூடாது. அந்தப் புகை பட்டால் கொட்டகைப் புழு மொத்தமும் சுருண்டுவிடும். புழு தோலுரிக்கப் படுப்பதை எங்கள் பக்கம் "ஜுரம்" என்பார்கள். நாலு ஜுரம் எழுந்த பிறகுதான் அது வெறிகொண்டு தின்னும், ஒரு வாரத்தில் "பழுத்து"க் கூடு கட்டும். புழுவுக்கு ஜுரம் என்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்று பேசுவோம். எனக்கு ஜுரம் வந்தால் ஒரு மாத்திரை, அதோடு சரி.

கத்திரி வெயிலில் ஊரில் ஒருவரும் புழு வைக்கமாட்டார்கள். நான் நாலாவது முடித்த அந்தக் கோடையில் அம்மா வைத்தாள். காரணம் அப்பா. அவர் பெங்களூரில் கொத்தனார். மாசத்துக்கு ஒரு தரம், சில சமயம் இரண்டு மாசத்துக்கு ஒரு தரம், பிஸ்கட் பாக்கெட்டோடு வந்துவிட்டு விருந்தாளிபோலத் திரும்பிப் போவார். அந்த வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு வந்தவர், சாப்பிட்டுக் கை கழுவியதும் சொன்னார்: "எத்தினி நாளைக்கி நான் அங்க, நீங்க இங்க? வூட்டப் பூட்டிட்டு எல்லாரும் பெங்களூரு போயிடலாம் புள்ள."

"நான் ஒருக்கா வந்து பாத்துட்டேங்க" என்றாள் அம்மா. "நீங்க எத்தினி மாடி எழுப்புனாலும் நமக்குக் கீழ தகரக் கொட்டாய்தான். இந்தக் கத்திரியில ஒரு வெள்ளாம வெக்கிறேன். தேறிச்சுன்னா நீங்க இங்க இருக்கணும். தேறலன்னா மறுபேச்சு இல்லாம நான் அங்க வர்றேன்."

அப்பா ஒப்புக்கொண்டார்; கொட்டகை வேலைக்கு உதவியாகத் தங்கியும் விட்டார். நானும் தம்பியும் பெங்களூர்க் கட்சி என்பதை மறைக்கவில்லை. அங்கே கோடையிலும் போர்வை வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். சாக்குக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே "பெங்களூரு, பெங்களூரு" என்று தம்பி ராகம் போடுவான். அம்மா காதில் விழாததுபோல் நடந்துபோவாள்.

சாயங்காலமானால் டிவியில் வானிலை. அம்மா தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு எதிரே வந்து நிற்பாள். "தருமபுரி, சேலம் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு" என்பார்கள். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அந்த ஓரிரு இடம் எந்த இடம்னு சொல்லேன். சொன்னா வாய் வலிக்குதா?" என்று டிவியைக் கேட்பாள். மழையும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கே தெரியாது என்று அப்பா சமாதானம் சொன்னால் கோபம் அவர்மேல் திரும்பும். அவள் கவலை அவளுக்கு. வெயில் கூடினால் புழு வதங்கும். மழை வந்தால் இலை நனையும். ஈர இலையைத் தின்ற புழு உடம்பு ஊதி, வெள்ளையாக வடிந்து சாகும். "பால் புழு" என்போம். ஒரு தட்டில் வந்தால் கொட்டகை முழுக்கப் பரவும்.

நாலாம் ஜுரம் எழுந்து, புழுக்கள் அசுரப் பசியில் இருந்தபோது அந்த ஓரிரு இடங்களில் ஒன்றாக எங்கள் ஊர் ஆனது. மத்தியானமே மலைப்பக்கம் கருக்கட்டி, புளியமரம் தலைவிரித்து ஆட, அம்மா மல்பெரித் தோட்டத்துக்கு ஓடினாள். ஒரு கட்டு அறுப்பதற்குள் ஆலங்கட்டி விழ ஆரம்பித்துவிட்டது. இடி இடிக்கும்போதெல்லாம் தம்பி "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று கத்த, அப்பா தகரம் பறக்காமல் அதன்மேல் கல் ஏற்ற, அம்மா தொப்பலாக நனைந்து, முந்தானையில் மூடிய இலைக்கட்டோடு வந்து சேர்ந்தாள். அன்றைக்குப் புழுவுக்கு அது அரை வயிற்றுக்குத்தான்.

மழை விட்டது. கரண்ட் இல்லை, கொசு மட்டும் மொய்த்தது. பிள்ளைகளைக் கடிக்கிறதே என்று பெங்களூர்ப் பையிலிருந்து அப்பா ஒரு கொசுவத்தியை எடுத்துப் பற்றவைத்தார். கொட்டகையில் இருந்த அம்மாவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி வாசலில் தேங்கிய தண்ணீரில் எறிந்தாள். "ஏங்க, நீங்க இந்த வூட்டு ஆளா, இல்ல வெளியூரா?" என்று கேட்டாள். அப்பா மிச்சக் கொசுவத்தியைப் பைக்குள் திணித்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

விடிந்தால் அடுத்த சோதனை. மழைக்கு மறுநாள் மலையிலிருந்து இறங்குகிற "மஞ்சு" தோட்டத்தை மூடியிருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு இலையும் சொட்டியது. கொட்டகையில் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. அறுத்த இலைக்கொம்புகளை மொபெட்டில் முன்னும் பின்னும் கட்டிக்கொண்டார். "காத்துல ஒரு ஓட்டு ஓட்டுனா காஞ்சிரும்" என்று சொல்லிக் கடத்தூர் ரோட்டில் முறுக்கினார். நடமாடும் தோட்டம் ஒன்று மூடுபனிக்குள் புகுந்து மறைந்தது. திரும்பி வந்தபோது இலை போகும்போது இருந்ததைவிட ஈரமாக இருந்தது, மீசையிலும் சொட்டியது. அத்தனை கவலையிலும் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு வீட்டிலிருந்த பழைய புடவை, வேட்டி எல்லாவற்றையும் கிழித்து, நாலு பேரும் உட்கார்ந்து இலை துடைத்தோம். பெங்களூர்க் கட்சியும்தான். பசியோடு தலை தூக்கிப் பார்க்கிற ஒரு ஜீவனின் முன்னால் எந்தக் கட்சியும் நிற்காது. துடைத்தது போதவில்லை, துடைக்கிறோம் என்ற பேர்தான். மஞ்சு கலைந்து, அம்மா ஒரு மாசமாக வாய் ஓயாமல் திட்டிய அந்தக் கத்திரி வெயில் சுள்ளென்று அடித்த பிறகுதான் காரியம் நடந்தது. மரநிழலில் பரப்பிய இலையை அனல்காற்று உலர்த்திக் கொடுத்தது. போட்டதும் கொட்டகை முழுக்க நறநறவென்று தின்னும் சத்தம் எழுந்தது. அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டபடி வாசற்படியில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

பால் புழு வராமல் இல்லை. பொறுக்கிப் பொறுக்கிச் சுண்ணாம்பில் போட்டோம். மிச்சம் பழுத்தது, கூடு கட்டியது. கூட்டை எடுத்துக்கொண்டு அப்பா தருமபுரி மார்க்கெட்டுக்குப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தவரிடம், தண்ணீர்கூடக் கொடுக்காமல் அம்மா கேட்டாள்: "என்னங்க, தேறிச்சா?"

"தேறிச்சு" என்றார்.

மறுநாள் பெங்களூருக்கு பஸ் ஏறி, கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, புழுவுக்குச் செங்கல்லில் ஒரு கொட்டகை கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். அன்றைக்குக் கூடு மெலிசு என்று மார்க்கெட்டில் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்டார்கள் என்பது எனக்குக் கல்யாணமான பிறகு அவர் வாயாலேயே தெரிந்தது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்த வெள்ளாமை தேறவில்லை. "அம்மாவுக்குத் தெரியுமாப்பா?" என்றேன். "கூட்டக் கையில எடுத்தப்பவே அவளுக்குத் தெரியும். அப்புறமும் கேட்டா பாரு" என்று சிரித்தார்.

இப்போது நான் தருமபுரி டவுனில் இருக்கிறேன். எத்தனை மணிக்கு இடி, எந்தப் பக்கம் மழை என்று செல்போன் சொல்லிவிடுகிறது; அதுவும் பாதி நாள் பொய்தான். ஊரில் அப்பா கட்டிய கொட்டகையில் சாக்கு இல்லை, குழாயே பனிபோலத் தண்ணீர் தூவுகிறது. மலை மஞ்சும் முன்புபோல் இறங்குவதில்லை என்கிறார்கள். போனது போகட்டும், நான் அழப்போவதில்லை. அந்த வருஷத்துக்கு முந்திய கோடைகளை யோசித்தால் வெயில் ஞாபகம் இருக்கிறது, மழை ஞாபகம் இருக்கிறது. அப்பா எதிலும் இல்லை. அதற்குப் பிந்தியவற்றில் அவர் இல்லாத கோடை ஒன்றுகூட இல்லை.